உப்புப் பார்க்காத என்சிலாடா

இது எனக்கு நேராகத் தெரிந்த கதை அல்ல. கோகிலவாணி தன் சித்தி மகள் ரேணுகாவிடம் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ரேணுகா, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். கோகிலவாணியை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. ஒருத்தியின் மனதுக்குள் ஓடியது இரண்டு வாய் மாறி வந்து சேரும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விட்டுப்போன இடங்களை ஊகித்து நிரப்பியிருக்கிறேன், எவை என்று இப்போது கேட்டால் எனக்கே பிரித்துக் காட்ட வராது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். உப்பு விஷயத்தில் மட்டும் நானாக எதையும் சேர்க்கவில்லை.

காலை ஒன்பதேகால் இருக்கும். நாமக்கல்லில் துறையூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் மாடிவீடு, அதன் அடுக்களை, அடுப்பில் மிளகாயும் தக்காளியும் அரைத்து ஊற்றிய சாறு குமிழ் குமிழாக வெடித்துக்கொண்டிருக்கிறது. கோகிலவாணி கரண்டியும் கையுமாக நின்றாள். உப்புப் போட்டோமா? போட்ட மாதிரிதான் இருக்கிறது. உப்பு டப்பா திறந்து கிடக்கிறது, ஸ்பூன் வெளியே இருக்கிறது. ஆனால் கோழியை வேகவைத்தபோதும் இதே டப்பாவைத்தானே திறந்தாள், அப்போதே மூடாமல் விட்டிருக்கலாம். பூண்டு வதக்கும்போது போட்டோமோ? பூண்டு வதக்கும்போது அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எத்தனை இலை வாங்கட்டும் என்று கேட்டார், ஐந்து என்றாள், அவனுக்கும் சேர்த்தா என்று கேட்டார், அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதே நினைவில்லை, அந்த நேரத்தில் கை என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், தெரிந்துவிடும். வைக்கக் கூடாது. காலையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா பழனியம்மாள் பின்னால் வந்து நின்று சொல்லிவிட்டாள். "அவனுக்கு வெச்சப்பறந்தான் நம்ம வாய்க்கு. உப்புப் பாக்கறேன், காரம் பாக்கறேன்னு எதையும் நாக்குல வெச்சுராத கண்ணு. எச்சப் பண்டத்தையா எம் பையனுக்கு எலையில வெக்கறது?" நுரை நிறைந்த வாயோடு சரி என்று தலையாட்டினாள். இன்றோடு அண்ணன் தினகரன் போய் ஒரு வருடம். வருடம் திரும்புகிற நாளில் அவன் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைக்க வேண்டும், உச்சிப்பொழுதுக்கு முன்னால் வைக்க வேண்டும், யார் வாயும் படாமல் வைக்க வேண்டும். கத்தரிக்காய்க் கொத்சு, தலைக்கறி, ரவா லட்டு எல்லாம் அம்மாவின் கைக்கு வந்தவை, உப்பைக் கண்ணாலேயே பார்த்துப் போடுவாள். "அங்க என்னமோ அடிக்கடி திம்பேன்னு சொல்லுவானே, சுருட்டிச் சுருட்டி வெச்சு, அதையும் பண்ணி வெச்சுரு" என்று போன மாதம் சொன்னதும் அம்மாதான். சொன்னது அம்மா, பண்ணுவது இவள், என்சிலாடா என்கிற அந்த மெக்சிகோ பலகாரத்தை இவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வாய் தின்றிருக்கிறாள்.

அவன் குரல் அவளுடைய போனில் இன்னும் இருக்கிறது, ஏழு நிமிடம் பதினெட்டு வினாடி. எப்படிப் பண்ணுவது என்று ஒருநாள் அவளாகத்தான் கேட்டாள், கேட்டதுகூட அவனைச் சமாதானப்படுத்தத்தான், அவன் நிஜமாகவே கேட்கிறாள் என்று நம்பிப் பேசி அனுப்பிவிட்டான். அப்போது அவள் அதை முழுதாகக் கேட்கவில்லை. அப்புறம் கேட்க முடியவில்லை. முதலில் தொண்டையைச் செருமிக்கொள்கிறான், அந்தச் செருமலோடு இவள் நிறுத்திவிடுவாள், பன்னிரண்டு மாதமாக அந்தச் செருமல் வரைக்கும்தான் போயிருக்கிறாள். ரேணுகாதான் போன மாதம் காதில் மாட்டிக்கொண்டு, இவளை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். கெட்டிக்காரி, சுருக்கி எழுதியிருக்கலாம், ஆனால் அவன் பேசினபடியே எழுதி வைத்துவிட்டாள். 'மொதல்ல நீட்டு மொளகா பத்து, வெதையத் தட்டிட்டு சுடுதண்ணியில ஊற வை பாப்பா. வெதை இருந்தா எரியும், அப்பாவுக்கு ஆகாது.' தாள் இப்போது அலமாரியில் எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, ஓரத்தில் ஏற்கெனவே எண்ணெய் ஊறிவிட்டது. 'உப்பு அளவெல்லாம் என்னைக் கேக்காத. கீழ்வீட்டு மர்த்தாக்காகிட்ட நானும் கேட்டுப் பாத்தேன். அந்தம்மா கரண்டிய என் வாய்க்குள்ள திணிச்சு, இதான் அளவுன்னுச்சு. நீயும் வாயில வெச்சுப் பாரு. பத்தலையா, போடு. மறுபடி வெச்சுப் பாரு.' கீழே இன்னொரு இடத்தில், 'சாறு கெட்டியானதும் வாயில வெச்சுப் பாரு.' கோழியைப் பிய்த்துப் போடும் இடத்தில், 'ரெண்டு துண்டு வாயில போட்டுக்க, நம்ம வீடுதான, யார் கேக்கறது.' ஒரு பக்கத் தாளில் ஐந்து இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவன் சொன்னபடி பண்ணினால் அவனுக்கு வைக்கக் கூடாது, அவனுக்கு வைக்க வேண்டுமென்றால் அவன் சொன்னபடி பண்ண முடியாது. அமெரிக்காவில் சான் அந்தோனியோவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் மர்த்தாக்கா, வண்ண வண்ணமாகப் பூப்போட்ட மேலங்கி, ஒரு கண்ணில் புரை என்று சொல்லியிருக்கிறான், அவளிடம் யாராவது போய், உங்கள் பலகாரத்தை இங்கே ஒருத்தி ருசி பார்க்காமல் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் என்ன சொல்வாள். கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அடுத்த அடுப்பில் தோசைக்கல். மக்காச்சோள மாவில் தட்டிய ரொட்டிகள் விளிம்பெல்லாம் வெடித்து வெடித்து வந்தன. நேற்று மாவு மில்லில் சோளத்தைக் கொட்டினதும் மில்காரர், "கோழித் தீனிக்கா பாப்பா, கொரகொரன்னு ஓட்டட்டுமா?" என்று கேட்டார். இல்லைங்க, மனுசங்க திங்கறதுக்குங்க, நைசா ஓட்டுங்க என்றாள். அவர் சிரித்தார். இந்த ஊரில் சோளம் கோழிக்குத்தான், லாரி லாரியாகப் பண்ணைக்குப் போகும், சிந்துகிற மணியைப் புறா பொறுக்கும். அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "கோழி திங்கற சோளத்துல ரொட்டி தட்டி, அதுக்குள்ள கோழியவே சுருட்டி வெக்கறாங்களா? பாவம், அந்தக் கோழி ஒண்ணும் சொல்லறதில்லையா?" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்து, சிரிப்பு பாதியிலேயே எங்கேயோ மாட்டிக்கொண்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். இருபது ரொட்டி தட்டியதில் முதல் ஆறு போயே போய்விட்டது, அப்புறம் மைதா ஒரு கை சேர்த்ததும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பான எண்ணெயில் ஒரு முக்கு, அப்புறம் சாற்றில் ஒரு முக்கு, அப்போதுதான் சுருட்டும்போது ஒடியாது என்று தாளில் இருக்கிறது. ஒடியாது. ஆனால் சாற்றில் உப்பு இருக்கிறதா. மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். உப்புக்கு வாசனை இல்லை. சீரகம் மணக்கிறது, பூண்டு மணக்கிறது, தொண்டையைப் பிடிக்கிற மிளகாய் நெடி வருகிறது, உப்பு மட்டும் வாயைத் தவிர வேறு எதற்கும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

அந்த ஒரு வாய் எப்படி இருந்தது? அவன் அமெரிக்கா போனபிறகு ஒரே ஒரு தடவைதான் லீவில் வந்தான், பதினாறு நாள், அதில் ஒருநாள் இதே அடுக்களையில் இதே இடத்தில் நின்று பண்ணினான். சோள ரொட்டிக்கெல்லாம் எங்கே போவது, முந்தின ராத்திரி மிஞ்சின சப்பாத்தி, தக்காளி சாஸ், பேக்கரிக் கடையில் வாங்கின சீஸ். முட்டிவரைக்கும் ஒரு கால்சட்டை, தோளில் துண்டு, சினிமாவில் வரும் சமையல்காரன் மாதிரி ஒரு நெளிவு. அப்போது கரண்டு போய்விட்டது, வேர்வையைத் துடைத்துத் துடைத்து அவன் நெற்றியில் சாஸ் ஒட்டியிருந்தது. தட்டில் வைத்து நீட்டினதும் இவள் சொன்னது, "என்னடா இது, சப்பாத்தி குளிச்சிட்டு வந்திருக்குது." "ஒரு வாய் தின்னுட்டுப் பேசு பாப்பா." தின்றாள். "உப்பே இல்ல." "உப்பெல்லாம் இருக்குது. உன் நாக்குதான் செத்துப்போச்சு. ஹாஸ்டல் சாம்பார் கொன்னுருச்சு." "செத்தது உன்ற சப்பாத்தி." தட்டைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டாளா, கையில் கொடுத்தாளா? கையில் கொடுத்த மாதிரி நினைத்துப் பார்க்கத்தான் முயற்சி செய்கிறாள், ஒவ்வொரு தடவையும் தட்டு மேடைமேல் தானாக நகர்ந்து போகிறது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை, அவள் கடித்துவிட்டு வைத்ததை எடுத்து வேண்டுமென்றே சப்புக் கொட்டித் தின்றான், அப்பா சாயங்காலம் பட்டறையிலிருந்து கையெல்லாம் லாரிப் பெயிண்டோடு வந்து மீதி நான்கையும் பேசாமல் தின்று முடித்தார். உப்பு இருந்ததா அன்றைக்கு? அவனைச் சீண்டுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே இல்லையா? நாக்கு எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறது. அந்த ஒரு வாயை நினைத்தால் வருவதெல்லாம் அவன் மேலிருந்து வந்த புது சோப்பு வாசனை, நின்றுபோன மின்விசிறி, வாசலில் ஐஸ்காரன் மணி. அதுவும் வேறொரு நாள் மணியாக இருக்கலாம். இன்றைக்கு உப்பில்லாமல் போய்விட்டால் அன்று விளையாட்டுக்குச் சொன்னது இன்று உண்மையாகிவிடும், இரண்டாவது தடவையும் அவன் முன்னாலேயே அந்தத் தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகும், இந்தத் தடவை சப்புக் கொட்டிச் சரிசெய்ய அவன் இல்லை. சரி, பயத்தில் இன்னொரு ஸ்பூன் போட்டுவிட்டால்? முதலிலேயே போட்டிருந்தால் கரித்துப் போகும். உப்பில்லாததையாவது ஒருவன் தின்றுவிடலாம், கரித்ததை வாயில் வைக்கவே முடியாது. ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள். கரண்டியில் கொஞ்சம் மொண்டு ஆற ஊதினாள், எதற்கு ஊதுகிறோம் என்று தோன்றியது, ஊதினாலே எச்சிலோ? கரண்டி உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் நின்றது. அங்கிருந்து அந்தச் சாற்றின் சூடு மேலுதட்டில் படுகிறது. அவனே சொல்லியிருக்கிறான், ஐந்து இடத்தில் சொல்லியிருக்கிறான். கூடத்தில் அம்மா லட்டு உருண்டைகளை எண்ணாமல் தட்டில் அடுக்குகிற சத்தம். கரண்டியை அப்படியே சட்டியில் கவிழ்த்தாள்.

"கங்கு வேணும்ல, போய் வாங்கிட்டு வந்துரு, வெயில் ஏறுது" என்று அம்மா உள்ளே வந்தாள். வீட்டில் ஓவன் கிடையாது, வாங்கவும் இல்லை. பெரிய பிரியாணி அண்டாவில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பி, மேலே முக்காலி போட்டு, தட்டை உள்ளே இறக்கி, மூடி, மூடிமேல் கங்கு போட்டால் பேக்கரி அடுப்பு மாதிரிதான் என்று ரேணுகா யாரிடமோ கேட்டுச் சொல்லியிருந்தாள். அண்டாவில் ஒரு பொட்டலம் உப்பு முழுசாகக் கிடக்கிறது. இந்த வீட்டில் இன்றைக்கு உப்புக்கா பஞ்சம். பழைய தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முனையில் இஸ்திரி வண்டி மாதப்பன், பெட்டியைத் திறந்து கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். "எதுக்கு பாப்பா கங்கு, சாம்பிராணிக்கா?" "சமையலுக்குங்கண்ணா. மூடிமேல போடணும்." "பிரியாணியா?" "அந்த மாதிரிதானுங்க." அவர் இடுக்கியால் நான்கு துண்டு எடுத்து வைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், காலண்டரில் ஏதோ தேடுகிறவர் மாதிரி. "தினா தம்பிக்கா?" ஆமாங்க. இன்னும் மூன்று துண்டு வைத்தார், நல்ல சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கி. "காலருக்குக் கஞ்சி வேண்டாம்பான், கழுத்தறுக்குதுன்னு. எத்தன தடவ சொன்னாலும் நான் மறந்து போட்டுருவேன்." நடக்கும்போது கல்லின் சூடு முந்தானையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது, வேகமாக நடந்தால் கங்கு உருண்டு விழுந்துவிடும், மெதுவாக நடந்தால் சாம்பல் பூத்துவிடும். திருச்சி விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையிலும் இப்படித்தான், ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள். பதினோரு நாள் ஆயிற்று அவன் வந்து சேர, சாலையைக் கடக்கும்போது வண்டி மோதியது ஒரே நொடி, வருவதற்குப் பதினோரு நாள். பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் எடை போட்டிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த எடையை நினைக்கக் கூடாது. நினைக்க வேண்டியது உப்பு. போட்டோமா. பூண்டு, அப்பா, இலை, அவனுக்கும் சேர்த்தா, ஆமாப்பா சேர்த்துத்தான். சேர்த்துத்தான் என்று சொன்னாள், அது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் அப்போது இடக்கையில் இருந்தது உப்பு ஸ்பூனா, பூண்டுத் தோலா?

திரும்பி வந்தபோது அம்மா அடுக்களையில் முதுகைக் காட்டி நின்று இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்துவிட்டார், சித்தியும் வந்துவிட்டாள், நேரமாகிறது. சுருட்ட ஆரம்பித்தாள். ரொட்டியை எண்ணெயில் முக்கி, சாற்றில் முக்கி, பிய்த்த கோழியும் வெங்காயமும் ஒரு பிடி, சுருட்டி, மடிப்புக் கீழே போகும்படி தட்டில் படுக்கவைத்தாள். மடிப்பு மேலே இருந்தால் வாயைப் பிளந்துவிடும் என்று தாளில் இருக்கிறது. பதினான்கு. வரிசையாகப் படுக்கவைத்தபோது ரயில் பெட்டியில் தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தன. மீதிச் சாற்றை மேலே ஊற்றினாள், சீஸைத் துருவினாள், அண்டாவுக்குள் இறக்கினாள், மூடிமேல் கங்கைப் பரப்பினாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கை சும்மா இருக்கும்போதுதான் மனது இன்னும் மோசமாகச் சுற்றும். ஒருநாள் அவன் செருமலும் மறந்துபோனால்? ரேணுகா முழுதும் கேட்டிருக்கிறாள், தான் கேட்கவில்லை, தன்னைவிட ரேணுகாவிடம் அவன் ஏழு நிமிடம் கூடுதலாக இருக்கிறான். இருபத்தைந்து நிமிடத்தில் மூடியைத் திறந்தபோது சீஸ் உருகி விளிம்பில் பொன்னிறமாகக் கருகி, சிவப்புச் சாறு ஓரங்களில் சிறு சிறு கண்ணாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி எட்டிப் பார்த்து, "அட, போட்டோவுல வர்ற மாதிரியே இருக்குதே" என்றாள். பார்வைக்கு வந்துவிட்டது. பார்வையை வைத்து உப்பைச் சொல்ல முடியாது.

படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தார்கள். இரண்டு சுருளை எடுத்துவைக்கும்போது சீஸ் நூலாக நீண்டு இலைக்கும் தட்டுக்கும் நடுவில் தொங்கியது, அம்மா அதை விரலால் அறுத்து இலைப்பக்கம் சேர்த்தாள். கற்பூரம் காட்டி, அப்பா நீர் சுற்றி, கதவைச் சாத்திவிட்டு நான்கு பேரும் வெளியே வந்து நின்றார்கள். அவன் வந்து உட்கார்ந்து தின்பதற்கு அந்த நேரம். அப்பா நகத்தில் இருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூடின கதவுக்குப் பின்னால் அவன் முதல் வாய் எடுத்திருப்பான், இப்போது தெரிந்திருக்கும் அவனுக்கு, உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் இப்போது தெரியும். கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்போல் இருந்தது, உப்பு இருக்குதாடா? அம்மா கதவைத் திறந்தாள். அறை முழுக்கச் சீரக வாசனை. எல்லாம் வைத்தபடியே இருந்தது.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். கோகிலவாணி ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் முகத்தையே பார்த்தாள். அப்பா ஒன்றைத் தின்று முடித்து இலையில் கையை ஊன்றி, "இன்னொண்ணு வை சாமி" என்றார். சித்தி, "ஏக்கா, கொத்துப் புரோட்டாவ மடிச்சு வெச்ச மாதிரி நல்லாத்தான் இருக்குது, இதுக்கா அமெரிக்கா போனான்?" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்தாள். அப்பா சிரித்தார். அப்புறம்தான் இவள் வாயில் வைத்தாள். முதலில் சோளத்தின் மண் மாதிரியான இனிப்பு, பின்னால் மிளகாய், அதற்கும் பின்னால், அளவாக, துளி கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், உப்பு. மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு மொட்டை மாடிக்குப் போய், போனை எடுத்து, செருமலைத் தாண்டி ஏழு நிமிடமும் கேட்டாள்.

ரேணுகாவிடம் இதைச் சொன்னபோது, உப்பைத் தான்தான் போட்டிருக்க வேண்டும் என்று கோகிலவாணி முதலில் சொன்னாளாம். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, நான் போடலை, எனக்கு நல்லாத் தெரியும், அண்ணன் பாத்துக்கிட்டான் என்றாளாம். ரேணுகா அதை அப்படியே நம்பினாள். எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் பிடித்திருந்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது. எட்டு மாதம் கழித்து ரேணுகாவின் நிச்சயதார்த்தத்துக்கு நாமக்கல் போயிருந்தேன். மண்டபத்தின் பின்கட்டில் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்த பழனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டுவிட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை. "அவ எங்க கண்ணு போட்டா. கங்கு வாங்கப் போன நேரம் கரண்டியில தொட்டு நாக்குல வெச்சேன், சப்புன்னு இருந்துச்சு. அப்படியேவா எம் பையனுக்கு வெப்பேன்?" எச்சில் ஆகாதா என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "பல்லு மொளைக்கற வரைக்கும் நான் மென்னு குடுத்த சோத்தத் தின்னவன். மத்தவ எச்சிலுதான் அவனுக்கு ஆகாது, என்ற எச்சிலுக்கென்ன?" என்றாள். எத்தனை தடவை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மூன்று தடவை என்றாள்.